மெஷினுக்குப் போட்ட விபூதி

எங்கள் வீட்டில் எதையும் துடைக்க எனக்கு அனுமதி இல்லை. மேசை, கண்ணாடி, மோட்டார் சைக்கிள், மகளின் மூக்கு, எதுவுமே கூடாது. நான் துணியைக் கையில் எடுத்தாலே மனைவி புனிதா ஓடி வந்து பிடுங்கிக்கொள்வாள். பார்க்கிறவர்கள், கொடுத்து வைத்த ஆள், ஒரு வேலை செய்ய விடமாட்டேன் என்கிறாளே என்று பெருமூச்சு விடுவார்கள். விஷயம் அதுவல்ல. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு பொருளைத் துடைத்தேன். ஒரே ஒரு பொருள். மிகுந்த பக்தியோடு துடைத்தேன். அதன் விளைவு இன்றைக்கும் என் மாமியார் வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறது.

நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு. அதையும் முழுதாக முடித்தேன் என்று சொன்னால் அந்த வகுப்பு வாத்தியார் மனம் புண்படும். பிறகு ஊர் ஊராகச் சுற்றினேன். கோலா கெடாவில் மீன் படகுகளுக்கு ஐஸ் ஏற்றினேன். விரல்கள் விறைத்துப்போய்ச் சோறு பிசைய முடியாது, கரண்டியால் சாப்பிடுவேன். மற்றவர்கள் என்னைப் பெரிய நாகரிகக்காரன் என்று நினைத்தார்கள். செர்டாங்கில் ஒரு கடையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போட்டேன். மாவு வட்டமாக வர ஏழு மாதம் ஆனது. வட்டமாக வந்த வாரம் கடையை மூடிவிட்டார்கள். அதன்பின் லோரியில் துணையாளாகப் போனேன். இரண்டு வருடம் லோரிக்குள்ளேயே தூங்கியதில் என் முதுகு இன்னும் கொஞ்சம் அந்த இருக்கையின் வடிவத்தில்தான் இருக்கிறது. எந்த இடத்திலும் முழுதாக நின்றதில்லை. கேட்டால், “எனக்குக் கால் அரிக்கும்” என்று சொல்லிக்கொள்வேன். (சில இடங்களில் முதலாளிகளே சொறிந்து அனுப்பினார்கள். அதை நான் சொல்வதில்லை.)

அப்படி ஒதுங்கிய இடம்தான் கோலா கெத்திலுக்கு வெளியே இருந்த ஒரு செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில் ஆலை. லோரிகள் கொண்டுவந்து கொட்டும் செம்பனைக் குலைகளை இரும்புக் கம்பியால் குத்தித் தள்ளும் வேலை. அந்த இடத்துக்கு ரேம்ப் என்று பெயர். இரண்டு மாதம் குத்தினேன். ஒருநாள் ஆபீஸ் பொறுப்பாளர் மிஸ் ஓங் ரேம்ப்புக்கு வந்து, “யாருக்குக் கம்ப்யூட்டர் தெரியும்?” என்று கேட்டார். தெரியும் என்று கையைத் தூக்கினேன். பொய்யில்லை. நான் நிறையக் கம்ப்யூட்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆலைத் தொழிலாளர் எல்லாருக்கும் படம் போட்ட அடையாளக் கார்டு அச்சிட வேண்டும். அதற்காக ஒரு மெஷின் வாங்கியிருந்தார்கள். பார்க்க ரொட்டி வாட்டும் பெட்டி மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வெள்ளைப் பிளாஸ்டிக் கார்டுகளை அடுக்கினால் மறுபக்கம் முகத்தோடு வெளியே வரும். மிஸ் ஓங் எனக்கு ஒரு மேசை, நாற்காலி, தலைக்கு மேலே காற்றாடி எல்லாம் கொடுத்தார். மூன்று மாதம் பார்ப்போம், ஒழுங்காகச் செய்தால் நிரந்தர வேலைக்குக் கடிதம் தருகிறேன் என்றார்.

அந்தக் கடிதத்துக்காக நான் மட்டும் காத்திருக்கவில்லை.

ஆலைக்கு எதிரே இருந்த மினி மார்க்கெட்டில் புனிதா கல்லாவில் இருந்தாள். நான் அவளிடம் நாள் தவறாமல் ரொட்டி வாங்கினேன். தின்று மாளாமல் ஆலை நாய்களுக்குப் போட்டேன். நாய்கள் கொழுத்ததைப் பார்த்து ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அவளுடைய அப்பா கோவிந்தன் எங்கள் ஆலையிலேயே பாய்லர் ஆள். அதுவரை அவரைக் கோவிந்தண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒரே வாரத்தில் அங்கிள் என்று மாற்றிக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பாய்லரில் இன்னும் கொஞ்சம் தீயைக் கூட்டினார்.

முடிவு அவர் கையில் இல்லை. அது புனிதாவின் அம்மா லெட்சுமி ஆன்ட்டியின் கையில் இருந்தது. பெண் கேட்கப் போனபோது காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, நீ நல்ல புள்ளதான். ஆனா உன் கால்ல சக்கரம் இருக்கு. இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கன்னு உனக்கே தெரியாது. நெரந்தர வேலன்னு ஒரு லெட்டர் கொண்டாந்து காட்டு. அன்னிக்கே தாம்பூலம் மாத்திக்குவோம்.”

“கண்டிப்பா ஆன்ட்டி.”

“லெட்டர் இல்லன்னா இந்தப் பக்கம் ரொட்டி வாங்கக்கூட வராத. தெரியுதா?”

ஆக, கடிதம் வந்தால் கல்யாணம். இல்லையென்றால் ரொட்டிகூடக் கிடையாது.

லெட்சுமி ஆன்ட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் மகா பக்தை. கோவிந்தனோ கோயில் வாசலை மிதிக்காத மனிதர். தினமும் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது ஆன்ட்டி வாசலில் விபூதித் தட்டோடு நிற்பார். கோவிந்தன் பின்வாசல் வழியாகப் போவார். “முப்பது வருசமா நெருப்பு முன்னால நிக்கிறேன், எந்தச் சாமிடீ வந்து எனக்கு விசிறுச்சு?” என்பார். கல்யாணத்தன்று வைத்த விபூதியையும் படம் எடுப்பதற்குள் துடைத்துவிட்டாராம். ஆன்ட்டிக்கு அது ஆறாத குறை.

இனி மெஷினுக்கு வருவோம்.

அதை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் சுங்கை பட்டாணியிலிருந்து வந்து எனக்குப் பாடம் எடுத்தார். மூடியைத் திறந்து உள்ளே ஒரு தகட்டைக் காட்டி, “இதுதான் கெப்பாலா” என்றார். மலாயில் கெப்பாலா என்றால் தலை. அதன் விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு ஓடியது. அந்தக் கோடுதான் சூடாகி, ரிப்பனில் இருக்கும் நிறத்தைக் கார்டில் ஒட்டவைக்கிறதாம். கோட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு புள்ளி செத்தாலும் அந்த இடத்தில் நிறம் ஒட்டாது, கார்டின் நீளத்துக்கும் ஒரு வெள்ளைக் கோடு விழும் என்றார். ரிப்பன் மாற்றும்போதெல்லாம் தலையைச் சுத்தம் செய்ய வேண்டும். மெஷினை அணைத்து, சூடு ஆறவிட்டு, ஸ்பிரிட் ஊறிய ஒரு பேனாவால் ஒரே பக்கமாக மெல்லத் தடவ வேண்டும். காயும்வரை காத்திருக்க வேண்டும். வேறு எதுவும் தலைமேல் படக்கூடாது.

நான் தலையைத் தலையை ஆட்டினேன். அந்த நேரம் ஜன்னல் வழியே பார்த்தால், எதிரே புனிதா கடையைத் திறந்துகொண்டிருந்தாள்.

அந்த ஸ்பிரிட் பேனா அற்புதமான பொருள். அதை வைத்து என் கைப்பேசித் திரையைத் துடைத்தேன். மோட்டார் சைக்கிள் கண்ணாடிகளைத் துடைத்தேன். சட்டைப் பையில் இருந்த மைக் கறையை எடுத்தேன். ஒருநாள் மூடியைப் போட மறந்துவிட்டேன். மூன்றாவது வாரத்தில் அது கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தது. புதிது வேண்டும் என்று மிஸ் ஓங்கிடம் கேட்கலாம். கேட்டால் பழையது என்ன ஆனது என்று கேட்பார். கேட்கவில்லை.

படங்களை நானே எடுத்தேன். எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைச் சுவர்முன் ஒவ்வொருவராக நிறுத்தினேன். எனக்கு அதில் ஒரே ஒரு பெருமை: எல்லார் கண்களும் கார்டில் ஒரே உயரத்தில் இருக்கும்படி கம்ப்யூட்டரில் இழுத்து இழுத்துச் சரிசெய்திருந்தேன். குட்டையோ நெட்டையோ, என் கார்டில் எல்லாரும் சமம். நூறு கார்டை அடுக்கி வைத்து மேலே ஒரு நூலைப் பிடித்தால் நூறு நெற்றியிலும் ஒரே இடத்தில் படும். இந்தத் திறமைதான் பிற்பாடு என்னைக் கொன்றது.

அந்த வாரம் வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து எண்ணெய் வாங்குகிறவர்களின் ஆட்கள் ஆலையைச் சோதிக்க வருவதாக இருந்தது. மிஸ் ஓங் செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்தார். அவர் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம், கோபம் வந்தால் கொஞ்சம் தமிழ்.

“மணியம், நாளைக் காலைப் பெரட்டில் எல்லார் கழுத்திலும் கார்டு இருக்க வேண்டும். ஒரு ஆள்கூட விடக்கூடாது. உன் கடிதம் என் மேசையில் ரெடி. ஆடிட் முடிந்ததும் கையெழுத்து.”

(பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. தோட்டத்துப் பழக்கம் ஆலைக்கும் வந்துவிட்டது.)

ஆபீஸ் ஆட்களின் கார்டுகள் முந்தின நாளிலிருந்து அழகாக வந்துகொண்டிருந்தன. ஆலை ஆட்கள் நூறு பேர்தான் பாக்கி. மதியம் பழைய ரிப்பன் முடியும்போது கடைசியாக வந்த இரண்டு ஆபீஸ் கார்டுகளில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. தூசுதான். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த பெயர் என்னவென்று பட்டியலைப் பார்த்தேன். கோவிந்தன்.

மாமனாராகப் போகிறவரின் முகத்தில் கோடு விழலாமா? புது ரிப்பனைப் போடுவதற்குமுன் மூடியைத் திறந்து தலையைப் பார்த்தேன். ஒரு மூலையில் லேசாகப் பழுப்பேறியிருந்தது. பேனாவை எடுத்தேன், வறட்டு வறட்டு என்றது. எச்சில் தொட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். (அதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பேன் என்று மெஷின் விற்றவர் பிறகு சொன்னார்.) அப்போதுதான் மேசை இழுப்பறைக்குள் இருந்த பொட்டலம் கண்ணில் பட்டது. ஆபீஸ் வேலைக்குப் போன முதல் நாள் அம்மா கொடுத்து அனுப்பிய கோயில் விபூதி.

எங்கள் வீட்டில் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, கடைசியில் விபூதியால் ஒரு துடை துடைத்தால் முகம் பார்க்கலாம். வெள்ளிக் கொலுசும் அப்படித்தான். விளக்கு, கொலுசு, செம்பு எல்லாவற்றுக்கும் ஆகிற விபூதி இத்தனூண்டு தகட்டுக்கு ஆகாதா? எனக்கு என்மீதே மரியாதை வந்தது. படித்தவனுக்கு இந்த யோசனை வருமா?

மெஷினின் மூடிக்கு உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு விரல், அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. விரலால் தொடக்கூடாது என்று அர்த்தம். புரிந்துகொண்டேன். நகத்தைப் பற்றிப் படத்தில் ஒன்றும் இல்லை. என் கைக்குட்டையை நகத்தின்மேல் சுற்றி, விபூதியில் தோய்த்து, அந்தப் பழுப்பு மூலையில் வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன். நல்ல காரியத்தை ஒற்றையில் விடக்கூடாது என்று கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் முடிக்க ஒன்று. ஆக மூன்று. ஊதினேன். பளபளவென்று இருந்தது. போகிற போக்கில் மெஷினின் நெற்றியிலும் ஒரு கீற்று வைத்துவிட்டேன்.

முட்டாள்தான் என்றாலும் நான் சோதித்துப் பார்க்காமல் இல்லை. முதலில் ஒரு கார்டு அச்சிட்டுப் பார்த்தேன். யாருடைய கார்டு? என்னுடையது. நான் படம் எடுத்துக்கொண்ட அன்று வெள்ளிக்கிழமை. குளித்து, நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கார்டு வெளியே வந்தது. முகம் தெளிவாக இருந்தது. நெற்றியில் மூன்று கோடுகள் பளீரென்று மின்னின. படத்தில் விபூதி இவ்வளவு நன்றாக விழுந்து நான் பார்த்ததே இல்லை. கோடுகள் நெற்றியைத் தாண்டிக் காதுக்கு மேலே முடியிலும் ஓடியிருந்தன. அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகப் பூசிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்கு அப்பால் வெள்ளைச் சுவர்; வெள்ளையில் வெள்ளைக் கோடு யாருக்குத் தெரியும்?

நூறு கார்டையும் அடுக்கி, பொத்தானை அழுத்திவிட்டுக் கேன்டீனுக்குப் போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்தேன். “என்னா மணியம், வேல இல்லையா?” என்றார்கள். “மெஷின் பாத்துக்கும்லா” என்றேன். திரும்பி வந்தபோது கார்டுகள் குப்புற விழுந்து அழகாக அடுக்கியிருந்தன. அப்படியே அள்ளிப் பெட்டியில் வைத்தேன். ஒன்றையாவது திருப்பிப் பார்த்திருக்கலாம். கோவிந்தனின் கார்டையாவது.

புதன்கிழமை காலைப் பெரட்டு. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து கார்டை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் கழுத்துப் பட்டை போட்ட ஆபீஸர் மாதிரி நின்று விநியோகித்தேன். முதலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு. பிறகு வரிசையே கலைந்துவிட்டது.

“டேய் மணியம், என்னாடா எல்லாருக்கும் பட்ட போட்டு வுட்டிருக்க?”

“எனக்கு மாலையும் போட்டிருக்கலாம்லா, செத்துப்போன படம் மாதிரி இருக்கு!”

கார்டுகளைப் பிடுங்கிப் பார்த்தேன். நூறு முகங்கள். நூறு நெற்றிகள். ஒவ்வொன்றிலும் மூன்று வெள்ளைக் கோடுகள், நூல் பிடித்தாற்போல், ஒரே உயரத்தில். என் கால் நிஜமாகவே அரித்தது. கேட் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தேன்.

பங்களாதேஷிலிருந்து வந்த ரஃபீக் அதற்குள் தன் கார்டைக் கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டான். அவன் அம்மா உடனே கூப்பிட்டு, தலையில் என்ன கட்டு, எங்கே விழுந்தாய், உண்மையைச் சொல் என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைக் கைப்பேசிக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

காவலர் பாக் டின் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். அவர் கறுப்புச் சொங்கோக் தொப்பி போட்டுப் படம் எடுத்திருந்தார். மூன்று வெள்ளைக் கோடுகளும் தொப்பியின்மேல் வரிசையாக விழுந்திருந்தன. என் தோளைத் தட்டி, “தெரிமா காசி, தம்பி. சயா சூடா நாய்க் சார்ஜன்!” என்றார். நன்றி தம்பி, நான் மூன்று பட்டை போட்ட சார்ஜன்ட்டாகப் பதவி உயர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். அவர் கேலி செய்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோவிந்தன் கடைசியாக வந்தார். கார்டை வாங்கினார். பார்த்தார். முப்பது வருடமாகப் பின்வாசல் வழியாகக் காப்பாற்றி வைத்திருந்த நெற்றி. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இது ஒங்க ஆன்ட்டி செய்யச் சொன்னதா?”

“இல்ல அங்கிள். மெஷின்...”

“மெஷினுக்கு எம்மேல என்னா கோவம்?”

பதில் சொல்வதற்குள் மிஸ் ஓங் வந்துவிட்டார். ஒரு கார்டை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பத்துக் கார்டுகளைச் சீட்டு மாதிரி விரித்துப் பிடித்தார்.

“இனி அபா?” என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

மலாயில் விபூதிக்குச் சொல் தேடினேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். “அபு, மிஸ்.” சாம்பல்.

“சாம்பலா? மெஷினுக்குள் எப்படிச் சாம்பல் வந்தது?”

“நான் போட்டேன், மிஸ். சுத்தம் செய்ய.”

மிஸ் ஓங் ஆபீசுக்குள் போய் மூடியைத் திறந்தார். உள்ளே பல்சக்கரங்களின் இடுக்கெல்லாம் சாம்பல். மெஷினின் நெற்றியில் நான் வைத்த கீற்று அப்படியே இருந்தது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். விற்ற கம்பெனிக்கு போன் போட்டார். தலை கீறிவிட்டது, மூன்று இடத்தில் புள்ளிகள் செத்துவிட்டன, புதுத் தலை பினாங்கிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஆடிட் மறுநாள். வெள்ளைக் கார்டு ஒன்றுகூட மிச்சமில்லை.

நான் ராஜினாமா செய்யும் முகத்தோடு நின்றேன். மிஸ் ஓங் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கார்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். இரண்டே நிமிடம். “கோடு எப்போதும் ஒரே இடத்தில்தானே விழுகிறது? படத்தைத் தலைகீழாகத் திருப்பி அடி. கோடு கீழே போகும். கீழே வெறும் வெள்ளை. யாருக்கும் தெரியாது” என்றார். “கார்டு?” என்றேன். “பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது.”

கொடுத்த கார்டுகளையெல்லாம் திரும்ப வாங்கி, முதுகுப் பக்கம் அச்சிட்டோம். தலைகீழாகப் போன முகங்கள் தெளிவாக வெளியே வந்தன. அதுவரை மிஸ் ஓங் என் இரண்டு கைகளையும் மேசைமேல் தெரியும்படி வைத்திருக்கச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு கார்டையும் அவரே எடுத்தார். மாலை ஷிப்டு தொடங்குமுன் எல்லார் கழுத்திலும் கார்டு தொங்கியது: முன்பக்கம் சுத்தமான முகம், பின்பக்கம் விபூதி முகம்.

ஆடிட் நல்லபடியாகவே முடிந்தது. வந்தவர்களில் ஒருவர் மட்டும் பாக் டின்னின் கார்டு காற்றில் திரும்பியதைப் பார்த்து, ஏன் இரண்டு படம் என்று கேட்டிருக்கிறார். இந்தப் பக்கம் காவலர், அந்தப் பக்கம் சார்ஜன் என்று பாக் டின் விறைப்பாக நின்று சொன்னாராம். கேட்டவர் அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மிஸ் ஓங் கூப்பிட்டார். கையெழுத்தில்லாத கடிதத்தை என் கண்முன்னால் இழுப்பறைக்குள் வைத்து மூடினார். “மறுபடி ரேம்ப்புக்குப் போ. ஆறு மாதம் ஓடாமல் நின்றால் பார்க்கிறேன்.” கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தினால் கோபித்துக்கொண்டு போகலாம். அவர் மெதுவாகச் சொன்னார்.

சனிக்கிழமை பை கட்டினேன். பை கட்டுவது எனக்குப் பழகிய வேலை. பத்து நிமிடம் ஆகாது. மோட்டார் சைக்கிளில் பையைக் கட்டி, சாலைவரை வந்துவிட்டேன். எதிரே மினி மார்க்கெட். புனிதா அன்று லீவு. சொல்லாமல் போவதும் எனக்குப் பழகியதுதான். கோலா கெடாவிலிருந்து அப்படித்தான் வந்தேன், செர்டாங்கிலிருந்தும் அப்படித்தான். அன்றைக்கு என்னவோ முடியவில்லை. கடிதம் கிடைக்கவில்லை என்பதை நேரில் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று வண்டியைப் புனிதா வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சண்டை கேட்டது.

“குடுடீ இங்க. திங்கக்கெழம வேலைக்குக் கழுத்துல மாட்டணும்.”

“திங்கக்கெழமதான? அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்.”

எட்டிப் பார்த்தேன். சாமி மேடையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், கோவிந்தனின் கார்டு சாய்த்து வைத்திருந்தது. விபூதிப் பக்கம் வெளியே. அதன்மேல் ஒரு மல்லிகைச் சரம்.

லெட்சுமி ஆன்ட்டி என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வா தம்பி. முப்பது வருசமா நான் கெஞ்சிப் பாத்துட்டேன். நீ ஒரே நாள்ல போட்டு வுட்டுட்ட.”

“அது விபூதி இல்லடீ, மெஷின் கெட்டுப்போச்சு. அவனையே கேளு” என்றார் கோவிந்தன்.

“மெஷினுக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலையே! என்னா தம்பி, மெஷின் எப்படிக் கெட்டுச்சு?”

பொய் சொல்ல நல்ல இடம். ஆனால் நான் ஏற்கெனவே பை கட்டிவிட்டவன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? “மெஷின் தலையில விபூதி போட்டுத் தேச்சேன் ஆன்ட்டி. அதுலதான் கீறிடுச்சு. மூணு கோடும் அதனாலதான்.”

ஆன்ட்டி சாமி மேடைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கணவரைப் பார்த்து, கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: “கேட்டுக்கிட்டீங்களா? அப்ப அது நெஜ விபூதிதான்.”

பாய்லர் முன்னால் நின்றும் வேர்க்காத கோவிந்தனுக்கு வேர்த்தது. அடுக்களையிலிருந்து புனிதா சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் அப்போது ஆரம்பித்த சிரிப்பை இன்னும் முழுதாக நிறுத்தவில்லை.

“ஆன்ட்டி, லெட்டர் கெடைக்கல” என்றேன். “திரும்ப ரேம்ப்ல போட்டுட்டாங்க. ஆறு மாசம் நிக்கணுமாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஆன்ட்டி வாசலுக்கு வந்து என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த பையைப் பார்த்தார்.

“எங்க போற?”

எனக்கே தெரியவில்லை.

“அந்தப் பைய அவுரு” என்றார். “லெட்டர் இல்லாம தாம்பூலம் மாத்த மாட்டேன். அதுல மாத்தமில்ல. ஆனா ஆறு மாசமும் ரொட்டி வாங்க வரலாம்.”

பையை அவிழ்த்தேன்.

ரேம்ப்பில் ஆறு மாதம் குலை குத்தினேன். மழையில் வழுக்கி விழுந்து முழங்கை உரிந்தது. ஒருமுறை முள் குத்தி உள்ளங்கை சீழ்பிடித்தது. முன்பென்றால் அதெல்லாம் ஊரை மாற்றப் போதுமான காரணங்கள். நான் போகவில்லை. ஆறாம் மாதக் கடைசியில் மிஸ் ஓங் இழுப்பறையைத் திறந்து அதே கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். எடைமேடைக் கிளார்க் வேலை. “அங்கே துடைக்க ஒன்றுமில்லை” என்றார்.

எங்கள் கல்யாணப் படங்களில் ஒன்றைப் பார்ப்பவர்கள் தவறாமல் கேட்பார்கள், மணப்பெண்ணின் அப்பா ஏன் பட்டுச் சட்டைமேல் ஆலைக் கார்டு மாட்டியிருக்கிறார் என்று. நெற்றியில் விபூதி, இல்லையென்றால் கழுத்தில் கார்டு, இரண்டில் ஒன்று என்று ஆன்ட்டி சொல்லிவிட்டார். அவர் கார்டைத் தேர்ந்தெடுத்தார்.

ஆலையில் அந்த மெஷினுக்குப் புதுத் தலை வந்தது. அதன் மூடிமேல் இன்றும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றிலும் மிஸ் ஓங் எழுதி, தமிழில் மட்டும் என்னையே எழுத வைத்தார்: “தலைக்கு விபூதி போடக் கூடாது.” புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு என்னிடம்தான் விளக்கம் கேட்க வருகிறார்கள்.

என் மாமனார் ஓய்வு பெற்றபோது கார்டை ஆபீசில் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மாமியார் தானே நேரில் போய் மிஸ் ஓங்கிடம் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. கார்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போதும் சாமி மேடையில்தான் இருக்கிறது. தினமும் காலையில் மாமியார் விளக்கேற்றிவிட்டு அதை விபூதிப் பக்கம் திருப்பி வைப்பார். அவர் அடுக்களைக்குப் போனதும் மாமனார் வந்து சுத்தமான பக்கத்துக்குத் திருப்பிவிடுவார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. திருப்பித் திருப்பி, மாமனார் பக்கத்து முகம் விரல் பட்டுத் தேய்ந்து மங்கிவிட்டது. விபூதி முகத்தை மாமியார் ஓரத்தைப் பிடித்தே திருப்புவதால் அது இன்னும் புதிதாக இருக்கிறது.

போன மாதம் மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாப்ள, அந்தப் பக்கத்தக் கொஞ்சம் தொடச்சு வெளக்கிக் குடுக்க முடியுமா?” என்று கேட்டார். நான் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பதற்குள் வாசலில் புனிதா நின்றுகொண்டிருந்தாள்.